நாலாம் மாடத்தில் எல்லோரும் வலப்பக்கம் திரும்புகிறார்கள்

பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று ஜெயக்கொடி வாங்கிப் பார்த்தபோது உல்லாசபுரியிலிருந்து ஏழெட்டு அழைப்பு வந்து கிடந்தது. என்னமோ ஏதோ என்று அங்கேயே நின்று திரும்ப அழைத்தான்.

பேசியது வாசவி என்ற பெண். உல்லாசபுரியில் பார்வையாளர் பிரிவுக்கு அவள்தான் அதிகாரியாம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

“சார், கல்யாணம் ஆன புதுசுல எங்க ஊருக்கு வந்தீங்க. நாலாம் மாடத்துல நின்னு வாணவேடிக்கை பார்த்தீங்க. அப்ப நீங்க எதைப் பார்த்தீங்க?”

“வாணவேடிக்கையைத்தான்.”

“வாணம் நேர் எதிர்ல, கடல் மேல வெடிக்குது சார். ஆனா உங்க பதிவைப் போட்டுக்கிட்டுப் பாக்கறவங்க அத்தனை பேரும் வலது பக்கம் திரும்பறாங்க. கையை வேற தூக்கறாங்க. அழறவங்களும் உண்டு. இப்ப எங்க ஊர்ல அதுதான் நம்பர் ஒண்ணு. ஏன்னுதான் எங்க யாருக்கும் புரியலை.”

ஜெயக்கொடிக்குப் புரிந்தது. ஆனால் வேலை விட்டு வருகிற சனம் முட்டி மோதிக்கொண்டு வெளியேறும் வாசலில் நின்று சொல்லக்கூடிய சமாச்சாரமா அது? தெரியலையே மேடம் என்று சொல்லி வைத்தான். அப்படியானால் நீங்களும் மனைவியும் இன்னொரு தடவை வர வேண்டும், செலவு முழுக்க எங்களுடையது, இன்னொரு பதிவு கொடுங்கள் என்றாள் வாசவி. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுப் பைக்கைக் கிளப்பினான்.

உல்லாசபுரியைத் தெரியாதவர்களுக்காக நாலு வார்த்தை. தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மண்ணைக் கொட்டி எழுப்பிய ஊர் அது. கீழிருந்து மேலே பாய்கிற அருவி அங்கே உண்டு. நடந்துபோனால் தலைக்கு மேல் சுறா நீந்தும் கண்ணாடிக் குழாய் உண்டு. சித்திரை வெயிலில் பனி கொட்டுகிற கடைவீதியும் உண்டு. வசதியானவர்கள் முதல் வருஷம் வந்து வாயைப் பிளந்தார்கள். இரண்டாம் வருஷம் தலையாட்டினார்கள். மூன்றாம் வருஷம் கொட்டாவி விட்டார்கள். ஊரை நடத்துகிறவர்களும் அருவியை இன்னும் உயரமாக்கிப் பார்த்தார்கள், சுறாவை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ம்ஹூம். கடைசியில் எவனோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்துச் சொன்னான், நம்மிடம் காட்சிக்குப் பஞ்சமில்லை, வாயைப் பிளக்கிறவனுக்குத்தான் பஞ்சம் என்று. அப்படிப் பிறந்ததுதான் ‘முதல் பார்வைத் திட்டம்’.

எதையும் பார்த்திராத ஆட்களை ஊர் ஊராகப் பிடித்து இலவசமாக அழைத்து வருவது. பிடரியில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டி மூன்று நாள் சுற்றிக் காட்டுவது. அவர்கள் வியந்த வியப்பையெல்லாம் பட்டை பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் சிவப்புப் பட்டையில் ஏற்றி, கொட்டாவி விடுகிறவர்களின் பிடரியில் கட்டினால் போதும், முதல் முதலாகப் பார்க்கிற மாதிரியே அவர்களுக்குச் சிலிர்க்கும். இலவசம் என்றால் நம் சனத்துக்குக் கேட்கவா வேண்டும்? சிவகாசியிலிருந்தே மூன்று பேருந்து போயின. வெளியூர்ச் சோறு ஒத்துக்கொள்ளாது என்று கூடவே ஒரு சமையல்காரரும், அரிசி மூட்டையும், புளிக்காய்ச்சல் டப்பாவும் போயின.

அந்தக் கூட்டத்தில் ஜெயக்கொடியும் தங்கக்கனியும் புதுமணத் தம்பதி. அவன் சிவகாசி, பேன்சி ரகப் பிரிவில் போர்மன். அவள் சாத்தூர்க்காரி. பெண் பார்த்த அன்று இரண்டு வார்த்தை, கல்யாணத்தன்று நாலு வார்த்தை, அவ்வளவுதான் பழக்கம். பட்டை கட்டுகிற இடத்தில் கனியால்தான் தாமதம். புதுப்பெண் இல்லையா? பின்னலே தெரியாத அளவுக்கு அவள் அம்மா மல்லிகையைச் சுற்றி அனுப்பியிருந்தாள். பட்டை கட்டும் பையன் பூவை எடுங்கக்கா என்றான். சாயங்காலம் வரைக்கும் பூவை எடுக்கக் கூடாது, அம்மா சொல்லியிருக்கு என்றாள் கனி. பின்னால் வரிசை கத்தியது. அவனும் சலித்துப்போய்ப் பூவின் மேலேயே கட்டி அனுப்பிவிட்டான். மறுநாளும் அதே கதைதான், அதற்கு மறுநாளும் அதே கதைதான்.

அந்த மூன்று நாளில் ஜெயக்கொடி ஊரைப் பார்த்தானா என்பது சந்தேகம். எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்காமல் விடாத பிறவி அவன் பெண்டாட்டி. மேலே போன அருவித் தண்ணீர் அப்புறம் எங்கே போகும்? சுறாவுக்குத் தூக்கம் வந்தால் எங்கே படுக்கும்? பதில் தெரியாமல் முழித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசி நாள் அந்தி மயங்குகிற நேரம் வாணவேடிக்கை. அவனுக்கு அது தொழில். பச்சை எழும்பினால் என்ன மருந்து என்றுதான் மனசு கணக்குப் போடும். வாணம் ஏறுகிற சத்தத்திலேயே எது பெரிய வெடி என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்ற கனியின் இரண்டு காதையும் பொத்தினான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் ஆள் விழுந்துவிட்டான்.

வெளியே போகும் வாசலில் ஒவ்வொருவரின் வியப்பு அளவையும் பலகையில் காட்டினார்கள். ஜெயக்கொடியின் பெயருக்கு எதிரே வந்த எண்ணைப் பார்த்துக் கூட்டமே கை தட்டியது. அடுத்தது தங்கக்கனி. பூஜ்யம். மாப்பிள்ளை சொக்கிப்போய் நின்றிருக்கிறார், பொண்ணு நின்றுகொண்டே தூங்கியிருக்கிறது என்று யாரோ கேலி பேசினார்கள். ஜெயக்கொடியும் சேர்ந்து சிரித்தான். உள்ளே என்னவோ முறிந்தது. அதே நேரம் பட்டையைக் கழற்றினார்கள். பிடரியில் ஒரு சில்லிப்பு. படகில் வந்து உட்கார்ந்து கனியைப் பார்த்தான். யாரோ சொந்தக்காரப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நல்ல பெண். அவ்வளவுதான்.

ஊருக்கு வந்த பிறகும் அப்படியேதான். எல்லாம் நினைவிருக்கிறது, எதுவும் இனிக்கவில்லை. அவள் கேள்வி கேட்டால் எரிச்சலாக வந்தது. சாப்பாட்டை வை, கதவைச் சாத்து, இவ்வளவுதான் பேச்சு. நான் என்ன மனுஷன், மூன்று நாளில் ஆசை தீர்ந்துபோகிற ஜென்மமா என்று தன்னையே வைதுகொண்டான். பிறகு அந்தப் பூஜ்யம் ஞாபகம் வரும். அவளுக்கும் ஒன்றுமில்லை, நமக்கும் ஒன்றுமில்லை, எத்தனையோ குடும்பம் இப்படித்தானே ஓடுகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்வான்.

இப்போது வாசவி சொன்னது அவனைக் குடைந்தது. யார் யாரோ வலப்பக்கம் திரும்பி அழுகிறார்கள் என்றால், அது செத்துப்போகவில்லை. எங்கேயோ இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கனியிடம் சொன்னான். கேட்டுக்கொண்டே தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“அன்னைக்கு உங்க வலது பக்கத்துல யாரு நின்னா?”

“நீதான்.”

தோசை கருகுகிற வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, “போயிட்டு வருவோம்” என்றாள்.

உல்லாசபுரிப் படகுத்துறையில் வாசவியே வந்து நின்றாள். பனி கொட்டும் கடைவீதியில் ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போனாள். டம்ளரில் பனி விழாமல் கையால் மூடிக்கொண்டு கனி கேள்வியை ஆரம்பித்தாள். பதிவு என்றால் என்ன? போட்டோ எடுப்பது மாதிரிதானே? வாசவி குரலைத் தாழ்த்தினாள்.

“பகிர்வுன்னுதான் சொல்லச் சொல்லியிருக்காங்க. ஆனா போட்டோ மாதிரி இல்லை மேடம். ஒரு குடத்துத் தண்ணியை இன்னொரு குடத்துல ஊத்தற மாதிரி. அங்க நிறைஞ்சா இங்க காலி. பாத்தது ஞாபகம் இருக்கும். பாத்தப்ப என்ன தோணுச்சோ அது இருக்காது.”

“யாரும் வந்து கேக்கலையா?”

“அருவியும் பனியும் போனா யார் தேடப்போறாங்க? ஏதோ போனோம், வந்தோம்னு இருந்துடுவாங்க. நான் முதல் கூட்டத்துல வந்தவ. கடலைக் கொடுத்தேன். இப்ப கடலுக்கு நடுவுலதான் வேலை. வெறும் தண்ணியாத் தெரியுது.” அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஜெயக்கொடிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. இத்தனை மாதம் தன்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்து நொந்தது வீண்தானே. அடுத்த கணமே கோபம் தலைக்கு ஏறியது. கேட்காமல் ஒருத்தன் வீட்டுக்குள் புகுந்து கை வைத்துவிட்டு, அதை நம்பர் ஒன்று என்று வேறு சொல்கிறார்களே!

“திருப்பிக் குடுங்க” என்றான்.

“முடியாது சார். எங்களுக்கே தெரியாத வித்தை அது. சிவப்புப் பட்டை போட்டுப் பாக்கலாம், காட்சி முடிஞ்ச கொஞ்ச நேரத்துல வடிஞ்சிடும். அதே காட்சிக்கு உங்களுக்கா மறுபடி வராது. ஆனா அதுலயே நீங்க பாக்காத ஏதாவது இருந்து, அது கண்ணுல பட்டா, அதுக்குப் புதுசாத் தோணும். அதை யாரும் எடுக்கலையே.”

சொல்லிவிட்டு வாசவி கனியை ஒரு பார்வை பார்த்தாள். வலப்பக்கத்தில் என்ன இருந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் சுருங்கிப்போய்க் கையிலிருந்த திரையை எதற்கோ தடவிக்கொண்டிருந்தாள்.

“என்னோடது என்ன ஆச்சு?” என்று கேட்டாள் கனி.

“உங்களோடது பூஜ்யம் மேடம். ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்படி இருக்கும். எதுக்கும் வியக்காத சுபாவம்.”

கனி டம்ளரை வைத்துவிட்டுப் பின்னலில் இருந்த மல்லிகையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பனியைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தாள். ஜெயக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்தி நேரம் நாலாம் மாடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லோர் பிடரியிலும் சிவப்புப் பட்டை. ஜெயக்கொடிக்கும் ஒன்று கட்டிவிட்டார்கள். கனி பட்டை எதுவும் வேண்டாம் என்று சொல்லி அவனுக்கு வலப்பக்கமாக வந்து நின்றாள். முதல் வாணம் ஏறிச் சிவப்பாகப் பூத்தது. மருந்து என்ன என்று அவன் மனசு கணக்குப் போட்டது. பயமாக இருந்தது. இதைப் போட்டும் ஒன்றும் வரவில்லை என்றால்?

பெரிய வெடி ஏறியது. மாடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக வலப்பக்கம் திரும்பினார்கள். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் முன்பின் தெரியாத ஒரு பாட்டியம்மாவின் காதைப் பொத்தினார். அந்த அம்மா தன் வலப்பக்கம் நின்ற வெள்ளைக்காரப் பையனின் காதைப் பொத்தினார். யாருக்கும் வெட்கமாக இல்லை. ஜெயக்கொடியின் கை தானாக உயர்ந்தது. திரும்பினான். கனி நிமிர்ந்து பார்த்தாள்.

அப்படியே வந்தது. அன்றைக்கு வந்த அதே சந்தோஷம், ஒரு பொட்டுக் குறையாமல். இந்தப் பெண்ணை எப்படி எட்டு மாதம் பார்க்காமல் இருந்தேன் என்று நினைத்தான். இத்தனை பேர் இதைத்தான் தினமும் அனுபவித்துவிட்டுப் போகிறார்களா என்று பொறாமையாகவும் இருந்தது. அவள் காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை அவன்.

வேடிக்கை முடிந்தது. சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் கடைப் பக்கம் போனது. ஜெயக்கொடிக்கு உள்ளே வடிய ஆரம்பித்தது நன்றாகவே தெரிந்தது.

“கனி, போகப் போகுது. இன்னும் கொஞ்ச நேரத்துல நான் பழையபடி ஆயிருவேன்.”

“போனா போகட்டும். அது இரவல் வாங்குனது” என்றாள் கனி. “என்னோடதை யாரும் எடுக்கலைங்க. பட்டை தோலைத் தொட்டாத்தானே எடுக்கும். நடுவுல எங்கம்மா வச்ச பூ இருந்துச்சு.”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவளே பொறுமையாகச் சொன்னாள். எட்டு மாதமாக அவளுக்கு அந்த மூன்று நாளும் அப்படியே இருக்கிறது. ஊருக்கு வந்ததும் அவன் மாறிப்போனான். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். ஆம்பளைகள் எல்லாம் அப்படித்தான், பழகிக்கொள் என்றார்கள். பழகிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. அவன் தூங்கிய பிறகு எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

“பலகையில பூஜ்யம்னு வந்ததை நம்பிட்டேன்” என்றான் ஜெயக்கொடி.

“அன்னைக்கு நான் வானத்தையே பாக்கலை, தெரியுமா? நீங்க என் காதைப் பொத்துனப்ப உங்க மணிக்கட்டு என் கண்ணுக்குப் பக்கத்துல இருந்துச்சு. ரோமத்துல எல்லாம் அலுமினியத் தூள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதுல்ல? மேல பச்சை வெடிச்சா அதுல பச்சை, மஞ்சள் வெடிச்சா மஞ்சள். மொத்த வாணவேடிக்கையையும் நான் உங்க கையிலதான் பாத்தேன்.”

ஜெயக்கொடி தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற சனியன். கல்யாணத்தன்று வெட்கப்பட்டு முழுக்கைச் சட்டை போட்டு மறைத்த தூள். அதைப் போய் ஒருத்தி இத்தனை நாள் மனசில் வைத்துக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த புருஷனுக்குத் தோசை சுட்டுப் போட்டிருக்கிறாள். இவள் யார்? இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாள்? இரவல் வடிந்து முடிந்தபோதும் அந்தக் கேள்வி மட்டும் வடியவில்லை. வாசவி சொன்னது ஞாபகம் வந்தது. இதை அன்று அவன் பார்க்கவில்லை, அதனால் யாரும் எடுக்கவும் இல்லை.

மறுநாள் காலை பச்சைப் பட்டை கட்டுகிற வரிசை. இன்னொரு பதிவு தருவதாக ஒப்புக்கொண்டுதானே வந்தார்கள், கட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். வரிசை நகர நகர ஜெயக்கொடிக்கு வியர்த்தது. நேற்று முளைத்தது இன்னும் பச்சைப் பிள்ளை, இதையும் கொண்டுபோய்விடுவார்களே. கனியின் காதருகே குனிந்தான்.

“பூவுல பாதி குடு.”

“ஐயே, ஆம்பளை பூ வச்சுக்கிட்டா வருவீங்க?”

“குடுங்கிறேன்ல.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரத்தைக் கிள்ளிக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைக் காலருக்குள் பிடரியோடு சேர்த்துச் செருகிக்கொண்டான். பட்டை கட்டுகிற பையன் அரைத்தூக்கத்தில் இருந்தான், கவனிக்கவே இல்லை.

அன்று முழுக்க ஊரைச் சுற்றினார்கள். மேலே போன தண்ணீர் எங்கே போகிறது என்று இந்த முறை அவனே போய் விசாரித்து வந்து சொன்னான். சுறா எங்கே படுக்கும் என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். கழுத்தெல்லாம் மல்லிகை வாசனையோடு அவன் அலைவதைப் பார்த்து நாலு பேர் முகம் சுளித்தார்கள். போங்கடா என்று விட்டுவிட்டான்.

வெளிவாசலில் வாசவி ஆவலோடு காத்திருந்தாள். பலகையில் இரண்டு பெயர் வந்தது. இரண்டுக்கும் எதிரே பூஜ்யம்.

“ஒண்ணுமே தோணலையா சார்?”

“என்னத்தைச் சொல்ல மேடம். சுத்திப் பாத்தாச்சு. நல்லாத்தான் இருக்கு ஊரு” என்றான் ஜெயக்கொடி, முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு.

வாசவியே அவன் பட்டையைக் கழற்றினாள். காலருக்குள்ளிருந்து வாடிய மல்லிகை இரண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. வாசவி அதைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கனியின் பின்னலைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை மூடிக்கொண்டு, சரி, பத்திரமாகப் போய்ட்டு வாங்க என்றாள்.

படகுத்துறையில் இருவரும் படகேறி நின்றபோது ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு புதுக் கூட்டம் வந்து இறங்கியது. பூவை எடுங்கக்கா, பூவை எடுங்கக்கா என்று பட்டை கட்டுகிற பையன் கத்திக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து வாசவியின் குரல் கேட்டது.

“ஏன் எடுக்கச் சொல்றே? பூ வச்சவங்க வச்ச மாதிரியே இருக்கட்டும். இல்லாதவங்களுக்குக் கடையில வாங்கிக் குடு.”

கனி சட்டென்று திரும்பி ஜெயக்கொடியைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஏதோ கேட்கப் போனாள். படகோட்டியின் கை படகுச் சங்கின் கயிற்றுக்குப் போவதை ஜெயக்கொடி அவளுக்கு முந்திப் பார்த்துவிட்டான். இரண்டு கையையும் தூக்கினான்.

சங்கு ஊதியது. கனிக்குக் கேட்கவில்லை.